முகட்டுக் கோடு

ஓவியர் குவாபாராவை நாங்கள் சென்செய், அதாவது ஆசான், என்றுதான் அழைப்போம். அவர் வரைந்ததை இருபத்தாறு வருடங்களாக நான்தான் வெட்டி வருகிறேன். மெல்லிய தாளில் வரைந்து அனுப்புவார். தாளை செர்ரிப் பலகையில் முகம் கீழாக ஒட்டுவேன். கோட்டை மட்டும் நிற்க விட்டு மற்றதை வெட்டி எடுப்பேன். பிறகு இசேகி வண்ணம் தடவி அச்செடுப்பான். மூன்று பேர் வேலை. மூலையில் சென்செய்யின் முத்திரை மட்டும் இருக்கும். அது சரிதான்.

கன்ஷோஜி கோவிலின் பனிக்காலத்தை அவர் ஏழு முறை வரைந்திருந்தார். முதல் படத்தில் வாசல் மண்டபம், சிவப்புக் குடையோடு ஒரு பெண், இரண்டு யாத்திரிகர்கள், ஒரு நாய். நாயின் மயிரை வெட்ட எனக்கு மூன்று நாள் ஆயிற்று. அடுத்த படத்தில் நாய் இல்லை. அதற்கடுத்ததில் யாத்திரிகர்கள் இல்லை. போருக்குப் பிறகு குடையும் போய்விட்டது. பதிப்பாளர் ஹமாநோ நேரில் வந்து கெஞ்சினார்.

"வெளிநாட்டுக்காரங்க மொதல்ல குடையத்தான் தேடுறாங்க, சென்செய்."

"நனையச் சொல்லு" என்றார் சென்செய்.

ஏழாவது படத்தில் கோவில் மட்டும் இருந்தது. அதுவும் பாதி பனிக்குள். அச்செடுத்து முடித்த அன்று இசேகி என்னிடம் சொன்னான்: "மனுஷன் ஒவ்வொண்ணா வெளிய அனுப்பிட்டே இருக்காரு. அடுத்தது நம்ம ரெண்டு பேரும்தான்."

கேலியாகத்தான் சொன்னான். ஆனால் ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டினான். அவன் வீட்டில் வேறு படம் கிடையாது.

பனிக்கு எங்கள் தொழிலில் வண்ணம் இல்லை. தாள்தான் பனி. நான் ஆழமாக வெட்டிய இடமெல்லாம் அச்சில் வெள்ளையாக வரும். மற்ற ஓவியர்களின் பனி, வரையாமல் விட்ட இடமாகத் தெரியும். சென்செய்யின் பனிக்கு எடை இருக்கும். அதன் கீழே ஒரு படி இருக்கிறது, படிக்குக் கீழே கல் இருக்கிறது என்று தெரியும். எப்படி என்று பல முறை பார்த்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு எங்கே முடிய வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அவ்வளவுதான் எனக்கு விளங்கியது.

எட்டாவது ஜனவரியில் வந்தது. அப்போது அவருக்கு வயிற்றில் கட்டி. ஏப்ரலைத் தாண்டாது என்று மருத்துவர் அவர் மனைவி ஃபுசாவிடம் சொல்லியிருந்தார். அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த உடம்போடு டிசம்பரில் தனியாக வடக்கே போய்ப் பதினொரு நாள் கோவிலில் தங்கிவிட்டு வந்திருந்தார்.

தாளை விரித்தேன். மொத்தம் பத்தொன்பது கோடுகள். கீழே இரண்டு, படிகளுக்கு. பக்கத்தில் சில, மரங்களுக்கு. நடுவில் ஒரு சாண் நீளத்துக்குக் கூரையின் முகடு. சுவர் இல்லை, கதவு இல்லை. அந்த ஒரு கோட்டில் கோவில் முழுக்க இருந்தது.

ஆனால் கோடு நடுங்கியிருந்தது.

அவர் கோடு நூல் பிடித்த மாதிரி இருக்கும். இருபத்தாறு வருடத்தில் அது ஒரு முறையும் தடுமாறி நான் பார்த்ததில்லை. இப்போது தொடக்கத்திலிருந்து முடிவு வரை சின்னச் சின்னதாக ஏறி இறங்கியது. சில இடத்தில் மை கிட்டத்தட்ட விட்டுப்போயிருந்தது. தாளைக் கீழே வைத்துவிட்டு ஒரு குவளை தேநீர் குடித்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. தூரிகை பிசிறினால், மை கசிந்தால், செதுக்குபவன் திருத்திவிடுவான். வெளியே சொல்ல மாட்டான். ஓவியரும் கேட்க மாட்டார். நல்ல செதுக்குபவன் என்றால் கத்தி நன்றாகப் பிடிப்பவன் மட்டும் இல்லை. எதைப் பார்க்காதது போல இருக்க வேண்டும் என்று தெரிந்தவன்.

நான் முகட்டை நேராக வெட்டினேன்.

வெட்டும்போதே தாள் அழிந்துபோகும். சென்செய் வரைந்தது அதன்பின் எங்கும் இல்லை. பலகையில் இருப்பதுதான் படம்.

பலகையிலிருந்து கறுப்புக் கோடு மட்டும் பன்னிரண்டு தாளில் எடுத்து அனுப்பினேன். வழக்கம் அதுதான். அந்தத் தாள்களில் எங்கே எந்த வண்ணம் என்று அவர் குறித்துத் திருப்பி அனுப்புவார். அதை வைத்து வண்ணத்துக்கான பலகைகளை வெட்டுவேன். ஒரு வாரம் கழித்து ஃபுசா துணி மூட்டையோடு என் வீட்டு வாசலில் நின்றார். பன்னிரண்டு தாளும் அப்படியே இருந்தன. ஒன்றிலும் குறிப்பு இல்லை.

"உங்கள வரச் சொல்லல, மியோஷி சான்" என்றார். "ஆனா வந்தா நல்லது."

ஓமோரியில் அவர்கள் வீடு. சென்செய், அடியில் கரியடுப்பு வைத்த தாழ்வான மேசையின் போர்வைக்குள் காலை நீட்டிப் படுத்திருந்தார். முகம் சின்னதாகியிருந்தது. நான் குனிந்து வணங்கி உட்கார்ந்தேன்.

"நல்லா வெட்டியிருக்க" என்றார்.

நான் மேலங்கியை மடித்து வைத்தேன்.

"நல்லா வெட்டியிருக்கன்னு சொன்னேன். காது போச்சா?"

"கேட்டுச்சு, சென்செய்."

"அந்த முகடு யாரோடது?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"ரயில் ஸ்டேஷன் மாதிரி இருக்கு. கீழ நின்னா வண்டி நேரத்துக்கு வந்துடும்."

"கோடு நடுங்கியிருந்துச்சு. சரி பண்ணினேன்."

"என் கைய சரி பண்ணின."

"ஆமா."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"சரி விடு. நான் மறுபடி முழுசா வரைய முடியாது. பத்தொன்பது கோடு. பதினெட்ட இங்க வந்து போட்டேன், ஒண்ணொண்ணுக்கும் ஒரு நாள். ஹமாநோ வேற வாசல்லயே நிக்கிறான். இதையே போடுங்க." கொஞ்சம் பொறுத்து, "நீ அந்தக் கோவிலப் பாத்திருக்கியா?" என்றார்.

"இல்ல."

"எட்டு தடவ வெட்டியிருக்க."

"நீங்கதான் பாத்தீங்களே."

அவர் சிரித்தார். சிரித்ததும் வலித்தது. போர்வையைக் கையால் பிடித்துக்கொண்டார். ஃபுசா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். நான் எழுந்தேன்.

அவருடைய கடைசிப் படம் இது. அதன் நடுவில் இருந்தது என் கோடு. அவர் அதை ஒத்துக்கொண்டுவிட்டார். யாருக்கும் தெரியப்போவதில்லை. முத்திரை அவருடையதுதான். நடந்துபோகும்போது இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை உவேனோவில் ரயில் ஏறினேன். யமகதா வரை ரயில், பிறகு பேருந்து. அடுத்த நாள் காலை மலையடிவாரத்தில் இறங்கி முழங்கால் பனியில் ஒரு மணி நேரம் நடந்தேன். முதலில் தெரிந்தது படிகள். பிறகு மண்டபம். ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டேன். எல்லாம் என் கத்திக்குத் தெரிந்தவை. வலப்பக்கம் மூன்றாவது மரம் இரண்டாகப் பிரிந்திருக்கும் என்று நினைத்தேன். பிரிந்திருந்தது.

ஒரு துறவி பனி தள்ளிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். நான் யார் என்று சொன்னேன்.

"அந்தப் படக்காரரா? பதினோரு நாளு தின்னாரு. பத்து நாளு ஒரு கோடு கிழிக்கலை" என்றார். "எங்க பெரியவருக்குக் கோவம். ஓவியர்னு சொல்லிட்டு வந்து முள்ளங்கிய தீக்குறாரேன்னு."

"என்ன பண்ணினாரு?"

"அங்க உக்காந்திருந்தாரு." மண்வாரியால் எதிர்க் கட்டிடத்தின் வராந்தாவைக் காட்டினார். "கூரைய பாத்துட்டே. நான் சொன்னேன், ஐயா, கூரை எங்கயும் போவாதுன்னு. அதான் பிரச்சினைன்னாரு."

நானும் அங்கே போய் உட்கார்ந்தேன். துறவி சோற்று உருண்டை இரண்டு கொண்டுவந்து வைத்தார். முகடு எதிரே இருந்தது. வெள்ளை வானம், வெள்ளைக் கூரை, நடுவில் கோடு. நேரான கோடு. நான் வெட்டியது போலவே. எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. கை நடுக்கம்தான், வேறொன்றும் இல்லை என்று நினைத்தேன்.

பத்து மணி வாக்கில் காற்று வந்தது.

மரங்களில் சத்தம் இல்லை. முகட்டில்தான் முதலில் தெரிந்தது. உச்சியில் கிடந்த பனி பொடியாக எழுந்தது. எழுந்து, நின்று, மறுபக்கம் போயிற்று. பின்னால் இன்னும் எழுந்தது. கூரை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. கோடு ஓர் இடத்தில் மேலே போயிற்று, ஓர் இடத்தில் இறங்கிற்று, ஓர் இடத்தில் இல்லாமலே போயிற்று. கால் மணி நேரம் அப்படி இருந்தது. காற்று நின்றதும் பழைய நேர்கோடு வந்துவிட்டது.

சோற்று உருண்டை கையிலேயே இருந்தது.

"தெனமும் இந்த நேரத்துக்கு வரும்" என்றார் துறவி. "மின்னயெல்லாம் இது நின்னப்பறம்தான் வரைவாரு. சனியன் பிடிச்ச காத்துன்னு திட்டுவாரு. இந்த வாட்டி கடைசி நாளு அது வந்தப்ப வரைஞ்சாரு. தாள் பறக்காம நான்தான் பிடிச்சுக்கிட்டேன்."

ஏழு படங்களையும் நினைத்துப் பார்த்தேன். ஏழிலும் முகடு நேராக இருந்தது. எழுபத்திரண்டு வயதில் இந்த ஒன்றுக்காக அவர் மறுபடி இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். அதை நான் ஒரு பிற்பகலில் சரி பண்ணிவிட்டேன்.

ஊர் திரும்பியதும் பலகையை எடுத்தேன். பலகையில் தவறு நேர்ந்தால் அந்த இடத்தைத் தோண்டிப் புது மரத்துண்டை இறுக்கிப் பதிப்போம். கண் இமை, விரல் நுனி, அந்த அளவுக்குத்தான் செய்வது. நான் ஒரு சாண் நீளத்துக்குத் தோண்டினேன். பலகை ஹமாநோவுக்குச் சொந்தம். அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்.

துண்டைப் பதிப்பதற்குள் அவரே வந்துவிட்டார். இசேகியும் கூட வந்திருந்தான். ஹமாநோ பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார்.

"மியோஷி சான். கூரை எங்க?"

"எடுத்துட்டேன்."

"யாரக் கேட்டு?"

"யாரையும் கேக்கல."

"அவரால இப்ப கிண்ணத்தத் தூக்க முடியல. தெரியுமா உனக்கு? அவர் வரையலன்னா? கோவில் இல்லாத கோவில் படத்தையா நான் விக்கணும்?"

"படத்துக்கு ஒண்ணா எடுத்துட்டு இருந்தாரு" என்றான் இசேகி. "கடைசிய இவன் எடுத்துட்டான்."

"நீ வாய மூடு" என்றார் ஹமாநோ. பிறகு என் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நேரா இருந்துச்சேய்யா. நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. அவரோடது இல்ல."

ஹமாநோ எழுந்தார். போகும்போது "பதினஞ்சு நாள்" என்றார். "அதுக்கப்புறம் நீயே நேரா வெட்டிக் குடுத்துடணும்."

மறுநாள் மெல்லிய தாளைக் கையகலத்தில் நீளத் துண்டாக வெட்டி, பழைய அச்சுத்தாள் ஒன்றையும் எடுத்துக்கொண்டு ஓமோரிக்குப் போனேன். ஒரு கோடு போதும் என்று சென்செய்யிடம் சொன்னேன். கூரையைத் தோண்டிவிட்டதைச் சொன்னேன். கோவிலுக்குப் போனதையும் சொன்னேன்.

"போனியா?" என்றார். கண் திறந்துகொண்டது. "முள்ளங்கி குடுத்தாங்களா?"

"உருண்டை குடுத்தாங்க."

"உனக்கு உருண்டையா! பதினோரு நாள்ல எனக்கு ஒண்ணு குடுக்கல." கொஞ்சம் கழித்து, "காத்து வந்துச்சா?" என்றார்.

"வந்துச்சு."

அவர் ஃபுசாவிடம் தூரிகை கேட்டார்.

பழைய அச்சுத்தாளைக் கீழே வைத்து அதன்மேல் மெல்லிய தாளை வைத்தால்தான் இடம் சரியாக வரும். ஆனால் என் நேர்கோடு கீழிருந்து தெரிந்தது. கண் அதன் பின்னாலேயே போகும். ஃபுசா கத்தரிக்கோலை எடுத்துவந்து அச்சுத்தாளிலிருந்து என் முகட்டை நறுக்கி எடுத்துவிட்டார். அதைக் கசக்கிக் கரியடுப்பில் போட்டார்.

சென்செய் தலையணைகளில் சாய்ந்து வரைந்தார். ஒரே மூச்சில் ஒரு சாண். தூரிகையை எடுத்தார்.

மூவரும் பார்த்தோம். கோடு நேராக வந்திருந்தது. இருபது வருடம் முன்பு போட்டது போல, தலைமுடி அளவும் பிசகாமல்.

முதலில் அவர்தான் சிரித்தார். "இப்ப பாரு. வேணும்ங்கிறப்ப ஒழுங்கா வருது."

"நல்லாத்தான இருக்கு?" என்றார் ஃபுசா. "காலைல வலிக்குப் பொடி சாப்டீங்க. அதான் கை நிக்குது. டாக்டர் சொன்னாரே, வலி நின்னா நடுக்கமும் நின்னுடும்னு."

சொல்லிவிட்டு நிறுத்தினார். சென்செய் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"டிசம்பர்ல பொடிய வீட்லயே விட்டுட்டுப் போனீங்க" என்றார் ஃபுசா மெதுவாக. "வந்து கேட்டதுக்கு மறந்துட்டேன்னு சொன்னீங்க."

"மறந்துட்டேன்தான்."

"டப்பா பைக்கு மேல இருந்துச்சு. எடுத்து நகத்தி வச்சிருந்தீங்க."

அவர் தூரிகையைத் துடைத்து வைத்தார். என்னைப் பார்த்து, "நாளைக்கு வா" என்றார். "மத்தியானமா வா."

வாசல்வரை ஃபுசா வந்தார். என் மேல் கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். நான் போட வாகாக என் செருப்பைத் திருப்பி வைத்தார். "எந்த நேரத்துல ரொம்ப நடுங்கும்னு எனக்குத் தெரியும்" என்றார். "ரெண்டு மணிக்கு வந்துடுங்க. அவர காக்க வைக்காதீங்க."

இரண்டு மணிக்குப் போனபோது அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். நெற்றி நனைந்திருந்தது. காலையிலிருந்து பொடி சாப்பிடவில்லை. தாளை வைத்தேன். ஃபுசா மறுபக்கம் திரும்பி அலமாரியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். கை தூரிகையை எடுக்கும்போதே ஆடியது. மை துளி ஒன்று மேசையில் விழுந்தது. அவர் அவசரப்படவில்லை. கை நடுங்கட்டும் என்று விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், வராந்தாவில் உட்கார்ந்து பார்ப்பது போல. பிறகு வைத்தார்.

கோடு ஏறியது, இறங்கியது, ஓரிடத்தில் கிட்டத்தட்ட இல்லாமல் போயிற்று, திரும்ப வந்தது. எங்கே மெலிய வேண்டும் என்று கை விரும்பியதோ அங்கே அவர் விட்டுக்கொடுத்தார். எங்கே கூடாதோ அங்கே விடவில்லை. நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எவ்வளவு நடுக்கம், எவ்வளவு அவர் என்று என்னால் பிரிக்க முடியவில்லை. முகட்டிலிருந்து பனி கிளம்பிப் போனது.

"எடுத்துட்டுப் போ" என்றார். அவர் கோட்டைப் பார்க்கக்கூட இல்லை. "ஃபுசா."

ஃபுசா ஏற்கெனவே பொடியைக் கலக்கி வைத்திருந்தார்.

பலகையில் புது மரத்துண்டைப் பதித்து அதன்மேல் தாளை ஒட்டினேன். ஆறு நாள் ஆயிற்று. நேர்கோட்டை வெட்ட இரண்டு முறை கத்தியை இழுத்தால் போதும். மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை. இது அப்படி வராது. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் கத்தியைத் திருப்ப வேண்டும். என் கை அதுவாகவே நேராக்கப் பார்த்தது. இருபத்தாறு வருடப் பழக்கம். ஒவ்வொரு முறையும் கத்தியை எடுத்துவிட்டு, மூச்சு விட்டு, மறுபடி வைத்தேன். மெலிந்த இடத்தில் கோடு மயிரிழை அகலம். அதை நிற்க வைக்க ஒரு முழு நாள்.

ஏழாம் நாள் பன்னிரண்டு தாள் அச்செடுத்து, பலகையோடு போனேன். நானும் வருவேன் என்று இசேகியும் கூட வந்தான். சென்செய் படுத்தபடி ஒரு தாளை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். கை தாங்கவில்லை. இசேகி மறுபக்கம் போய்ப் பிடித்துக்கொண்டான்.

நீண்ட நேரம் பார்த்தார். இசேகியின் கை வலித்திருக்கும். அசையவில்லை.

சென்செய் விரலை முகட்டின் மேல் கொண்டுபோனார். தாளைத் தொடவில்லை. முக்கால்வாசி தூரத்தில் விரல் நின்றது.

"இங்க என்ன ஆச்சு?"

அந்த இடத்தில் அரிசி அகலத்துக்குக் கோடு நேராக இருந்தது. கண்டுபிடிக்க மாட்டார் என்று நினைத்திருந்தேன்.

"என் கை போயிடுச்சு. தோண்டி மறுபடி போடுறேன்."

"எவ்வளவு நாள்?"

"மூணு நாள்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு இசேகியைப் பார்த்து, "இவன் உன்கிட்டயும் இப்படித்தான் தப்ப ஒத்துக்குவானா?" என்றார்.

"என்கிட்ட ஒத்துக்கவே மாட்டான், சென்செய்" என்றான் இசேகி. "பலகைல தப்பு இருந்தா நான் அழுத்தினது சரியில்லம்பான்."

"மூணு நாள்" என்றார் சென்செய். "அந்தத் தாள எல்லாம் இங்க வச்சுட்டுப் போ. நீ அத முடிக்கிறதுக்குள்ள வானத்துக்கு வண்ணம் குறிச்சு வைக்கிறேன்."

ஃபுசா மையைத் தேய்க்கத் தொடங்கினார். நான் பலகையைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன்.